எனக்காக ஒரு வார்த்தை

பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"எனக்காக நீங்கதான் பரிஞ்சு பேசணும். நேரா போய் நிக்க எனக்குத் தைரியமில்ல."

"நடுவுல ஆள் எதுக்கு? மனசார நீங்களே மன்னிப்புக் கேளுங்க."

"ஊரே கேக்கப் பழிச்சுப் பேசிட்டேனே! எந்த முகத்தோட போவேன்?"

"தினமும் நமக்குப் படியளக்கிற கை, கைவிட்டுடுமா?"

"நேத்தே கைவிட்டாச்சு. ராத்திரி முழுப் பட்டினி!"

மெழுகுவத்தியும் கையுமாக நின்ற, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஊர்ச்சனம் மொத்தத்துக்கும் கடவுள்கிட்ட மன்றாடுறவர் நீங்க. உங்களுக்கே ஒரு ஆளா, ஃபாதர்?"

"கடவுள் இரக்கமுள்ளவர். சமையக்காரம்மா அப்படியா? உப்பைப் பத்தின பிரசங்கத்துல, சாரமில்லாததுக்கு அவங்க வைக்கிற சூப்பைப் போய் உதாரணம் சொல்லித் தொலைச்சேனே!"

கோயில்பிள்ளை அடுப்படிக்குப் போய்த் திரும்பினார்.

"மன்னிச்சுட்டாங்க ஃபாதர். ஆனா அபராதமா, மிச்ச சூப் முழுசையும் நீங்களே குடிக்கணுமாம்!"