உள்காதில் ஓர் அண்ணன்

உள்காதில், வெளியே எழும் ஓசையையெல்லாம் கேட்டுச் சொல்லும் மயிர்ச்செல் ஒன்று இருந்தது. பக்கத்தில் அதைத் தாங்கி நின்ற தம்பிச் செல்லுக்கும் கேட்க ஆசைதான். தம்பியையும் கேட்கும் செல்லாக மாற்றக்கூடிய மரபணு ஒன்று அதற்குள் தூங்கியது; அதைத் தட்டியெழுப்ப ஒரு புரதம் வரும். வரும்போதெல்லாம் அண்ணன் முந்திக்கொள்ளும்: "நான் இருக்கேன்ல, நீ சும்மா இரு." புரதமும் திரும்பிப் போய்விடும்.

திருவிழா ஸ்பீக்கர், பஸ் ஹாரன் என்று ஐம்பது வருஷம் கேட்டுக் கேட்டு அண்ணன் ஓய்ந்துபோனது.

"முடியலடா தம்பி. இனி நீ கேளு. அந்தப் புரதத்தைக் கூப்பிடு."

"அது வர்றதை நிறுத்தி ரொம்ப காலமாச்சுண்ணே. இப்ப என்ன பண்றது?"

அண்ணனுக்கு நிமிரவும் தெம்பில்லை. சரிந்துகொண்டே, பழக்கதோஷத்தில் சொன்னது:

"நான் இருக்கேன்ல."