மெட்ராஸ்காரி

வாசல்ல டெம்போ நிக்குது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏத்தியாச்சு. அந்த நேரம் பார்த்து, "நான் வரலை"ன்னு சொல்லிட்டு உள்ள போய் உக்காந்துக்கிட்டாங்க ஜஹீருன்னிசா அக்கா.

"மேகலாம்மா, நீயாவது வந்து கேளும்மா!" இஷ்தியாக் பாய் தெருவுல நின்னு என்னைக் கூப்பிட்டாரு. "முப்பது வருஷமா மெட்ராஸ், மெட்ராஸ்னு என் உயிரை எடுத்தா. இப்ப கூட்டிட்டுப் போறேன்னா வரமாட்டாளாம். இன்னா பொம்பளை இவ?"

பாய் கேக்கறதுல தப்பே இல்ல. பக்கத்து வீட்ல இருந்து அந்த மெட்ராஸ் புராணத்தைக் கேட்டுக் கேட்டு என் காதும் புளிச்சுப் போச்சு.

அக்கா பொறந்தது பெரியமேடு. கல்யாணமாகி ஆம்பூர் வந்ததுல இருந்து ஒரே பாட்டு. சென்ட்ரல்ல ரயில் கூவினா அவங்க வீட்டு அடுப்பங்கரையில கேக்குமாம். மெரினா காத்துக்கு ஈடே கிடையாதாம். அந்த ஊர் வெயில்கூட நல்ல வெயிலாம். எங்க தெருவுல ரயில் சத்தம் கேட்டாப் போதும், கையில இருக்கிற வேலையை விட்டுட்டு, "இந்த வண்டி இன்னும் கொஞ்ச நேரத்துல எங்க ஊர்ல இருக்கும்"பாங்க.

அது கூடப் பரவால்ல. ஆம்பூர்ல உக்காந்துக்கிட்டே, "பிரியாணின்னா எங்க பெரியமேட்டு பிரியாணிதான்"னு சொன்ன ஒரே ஆளு இவங்கதான். அன்னிக்குத் தெருவே சண்டைக்கு வந்துடுச்சு.

பாய் தோல் பதனிடற டேனரில சூப்பர்வைசரா இருந்தாரு. போன மாசம் ரிட்டயர் ஆனாரு. மகன் தபரேஸுக்கு மெட்ராஸ்லதான் வேலை. "இனிமே அம்மி அவங்க ஊர்லயே இருக்கட்டும்"னு, பெரியமேட்டுலயே, அம்மா பொறந்த தெருவுக்கு அடுத்த தெருவுல வீடு பார்த்துட்டான். சேதி கேட்ட அன்னிக்கு அக்கா கால் தரையில இல்ல. ஆற்காட்டுல இருந்து மக்கன் பேடா வரவழைச்சு வீடு வீடாக் குடுத்தாங்க. போன வாரம் புருஷனும் பொண்டாட்டியுமாப் போய் வீட்டைப் பார்த்துட்டும் வந்தாங்க.

இப்பப் பார்த்தா இந்தக் கூத்து.

உள்ள போனேன். காலி ஹால்ல தரையில உக்காந்திருந்தாங்க. புர்காவெல்லாம் போட்டுக் கிளம்பி ரெடியாதான் இருந்தாங்க.

"இன்னாக்கா இது? பிள்ளை அங்க காத்துக்கிட்டு இருக்கான்."

"அங்க கொசு ஜாஸ்தி, மேகலா."

"இங்க மட்டும் கம்மியா?"

"மழை பெஞ்சா தெருவுல போட் விடணும். குடிக்கத் தண்ணி லாரிக்கு நிக்கணும். லிஃப்ட் வேற அடிக்கடி நின்னுடுமாம். பேஜார் புடிச்ச ஊரு."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"முப்பது வருஷமா சொர்க்கமா இருந்த ஊரு, காலையில டெம்போ வந்ததும் பேஜார் புடிச்ச ஊரா ஆயிடுச்சா? அப்ப அந்த மனுஷனை இத்தனை நாளா நோகடிச்சதெல்லாம் சும்மாவா? ஊர்மேல இருந்த ஆசையெல்லாம் வெறும் வாய்லதானா?"

வாசல்ல இருந்து பாய் கத்தினாரு.

"நல்லா கேளு! ஏய், கடைசியா கேக்கறேன். வர்றியா, இல்லியா?"

"வரலை. சாமானை இறக்கச் சொல்லுங்க."

"யா அல்லா! இவளைக் கட்டிக்கிட்டு நான் பட்ற பாடு!"

பாய் தலையில அடிச்சுக்கிட்டாரு. அடுத்த நிமிஷமே, "டிரைவர் தம்பி, கட்டிலை மொதல்ல இறக்குப்பா"ன்னு குரல் கேட்டுச்சு.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். திட்டிக்கிட்டேதான் இருந்தாரு. ஆனா ஓடி ஓடி இறக்கினாரு. வழியனுப்ப வந்த தோஸ்துங்க தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, "இன்னா பண்றது, அவ வரமாட்டேங்கறா. சரி விடு, சாயங்காலம் டீக்கடைக்கு வந்துட்றேன்"னாரு. அந்த முகத்துல கோபத்தைத் தேடித்தான் பார்க்கணும்.

திரும்பினா, அக்கா துப்பட்டாவால கண்ணைத் தொடச்சுக்கிட்டு இருக்காங்க.

"அழறீங்களா? போகணும்னுதானேக்கா இருக்கு உங்களுக்கு?"

"இல்லாமயா? எங்க ஊருடி அது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

"போன வாரம் வீடு பாக்கப் போனோம்ல. அஸர் தொழுகை நேரம். தொழறதுக்கு மேற்கு எந்தப் பக்கம்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டாரு. அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். தொழுது முடிச்ச பிறகும் இவரு எழுந்திருக்கல. ஜன்னலைப் பார்த்தபடியே உக்காந்திருக்காரு. ஏதோ பெரிய துஆ கேக்கறாருன்னு நானும் பேசாம இருந்தேன்."

"ம்."

"ரொம்ப நேரம் கழிச்சு மெதுவாக் கேட்டாரு மேகலா, 'ஜஹீரா, ஆம்பூரும் இந்தப் பக்கம்தானே வரும்?'னு."

கொஞ்சம் முன்னாடி பேசினதையெல்லாம் திரும்ப எடுத்துக்க முடியாதான்னு இருந்துச்சு.

வெளிய பீரோவை இறக்கிக்கிட்டே பாய் இன்னும் இவங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாரு.

"அவர்கிட்ட சொல்லித் தொலைச்சுடாதே. தெரிஞ்சா எனக்காகக் கிளம்பிடுவாரு. திட்டினாத் திட்டிட்டுப் போறாரு."

"அப்ப உங்க மெட்ராஸ்?"

அக்கா புர்காவைக் கழட்டி மடிச்சு வெச்சாங்க.

"ஊரை விட்டுட்டு வந்து இருக்கிறது இன்னான்னு எனக்குத் தெரியும். ஒரு வீட்ல அதுக்கு ஒருத்தி பத்தாதா?"