மூன்றாவது பசை

பிய்ந்துபோன கீலை மேஜை மேல் டொக்கென்று வைத்தார் பாண்டித்துரை.

"என்னவே, பசை விக்கீரா, பாயாசம் விக்கீரா? இது மூணாவது தடவ."

ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டரான அவர் இதை முகத்துக்கு நேராகக் கேட்டது, வைப்பர் வாங்க வந்து நின்ற ஓர் அப்பாவியிடம். கடைக்காரர் அப்துல் ஜப்பார் மெல்லக் கனைத்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கோபம் வந்தால் போலீஸ்காரருக்கு ஆள் தெரியாது என்று ஜப்பார் பொறுத்துக்கொண்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஜப்பாருக்கு, மற்ற வியாபாரமெல்லாம் வயிற்றுக்கு. பசை மட்டும் மானத்துக்கு. கடைப் பலகையில் தன் பெயரைவிடப் பெரிதாக 'ஒட்டினால் ஒட்டியதுதான்' என்று எழுதி வைத்திருந்தார்.

விவகாரம் இலஞ்சியில் பாண்டித்துரை வீட்டு வாசலில் நிற்கும் வேனில் இருந்தது. அதன் பின் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாகத் திறக்கும் ரகம். கண்ணாடியில் ஓட்டையும் கிடையாது, திருகாணியும் கிடையாது. கீல் வெறும் பசையில்தான் நிற்க வேண்டும்.

கண்ணாடி இல்லாத வண்டியை பாண்டித்துரை தெருவில் இறக்க மாட்டார். கௌரவம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் ஒன்பது பேரை அதில் ஏற்றி, தானே ஓட்டிப்போய் ஐந்தருவியில் குளிக்க வைப்பதாக வாக்கு வேறு கொடுத்திருந்தார்.

முதல் வாரம் நொடியில் பிடிக்கும் சொட்டுப் பசை கொடுத்தார் ஜப்பார். மறுநாளே கழன்றது. அது அவசரக்குடுக்கைப் பசை, கதவை ஓங்கிச் சாத்தினால் விட்டுவிடும் என்று சமாதானம் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற பசை. அதுவும் கழன்றது. இறுகிவிடும், ஆனால் வளைந்து கொடுக்காது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். வெயில் பட்டால் இறுகும் பசை ஒன்றும் கையில் இருந்தது. சாரல் நேரத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

குரங்கு ஏதாவது ஆட்டியிருக்குமோ என்றும் மெல்லக் கேட்டுப் பார்த்தார். தன் வீட்டுக்குள் குரங்குகூட சல்யூட் அடித்துவிட்டுத்தான் நுழையும் என்றார் பாண்டித்துரை.

போன திங்கட்கிழமை, காரின் முன் கண்ணாடியையே ஒட்டுகிற கறுப்புப் பசையோடு ஜப்பாரே பைக்கில் இலஞ்சிக்குப் போனார். பழைய பசையை பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கீலை அழுத்தி டேப் ஒட்டினார். நாலு நாள் வண்டியை அசைக்கக் கூடாது என்று அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கே உத்தரவு போட்டார்.

காபி கொண்டுவந்த பாண்டித்துரையின் மனைவி குழல்வாய்மொழி, இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாள். வண்டியே போனாலும் கீல் போகாது என்றார் ஜப்பார். அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. தன் பேச்சை நம்பவில்லையே என்று ஜப்பாருக்கு வருத்தம்.

அந்தக் கீல்தான் வெள்ளிக்கிழமையான இன்று மேஜையில் கிடந்தது.

பொழுது சாய்வதற்குள் பலகையில் இருக்கும் அந்த வரியை அழிக்காவிட்டால், தானே ஆள் கூட்டி வந்து அழிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு பாண்டித்துரை ஆட்டோ ஏறினார். வைப்பர்காரர் வைப்பர் வாங்காமலே நழுவினார். இருபது வருடத் தொழிலில் இப்படி ஓர் அவமானத்தை ஜப்பார் பட்டதில்லை.

சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறினார். தின்னரில் நனைத்த துணியைப் பலகையில் வைக்கப்போனபோது கீழே யாரோ கூப்பிட்டார்கள். குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

"அழிக்காதிய பாய். உங்க பசை மேல ஒரு குத்தமும் இல்ல. மொத ரெண்டும் கரண்டிக் காம்புக்கே வந்துட்டு. இத அறுக்க எனக்கு மூணு நாளாச்சு."

மூன்று நாளா என்று ஜப்பாருக்கு முதலில் பெருமைதான் வந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது. ஸ்டூலை விட்டு இறங்கி, கட்டின புருஷன் மேல் அப்படி என்ன பகை என்று கேட்டார். மூன்று நாளாக அறுத்தது சார் கண்ணில் படவே இல்லையா என்றும் கேட்டார்.

அவள் சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்துலதான் சேர் போட்டு உக்காந்திருந்தாவ. எதுக்க வாரது லாரியா மாடான்னே அவியளுக்குத் தெரியல, பாய்."