சீதனத்துல சேராத பலகை

சம்மந்திச் சண்டை எண்டதும் காதைத் தீட்டிட்டீங்க, தெரியும். மாப்பிளட உம்மா அதக் கேப்பா, இதக் கேப்பா. பொண்ணுட வாப்பா பாவம், தோள்துண்டால கண்ணைத் துடைப்பார். நீங்களும் ஒரு 'உச்' கொட்டிட்டு அடுத்த பக்கத்தத் திருப்புவீங்க.

அந்தக் கதை வேணுமெண்டா வேற ஆளப் பாருங்க. மீராசா ஹாஜியார் அழுற ஆளில்ல.

"இண்டைக்கு விடுறல்ல" எண்ட வைராக்கியத்தோடதான் அவர் கல்முனையில அந்த ஹாட்வெயார் கடைக்குள்ள ஏறினார்.

விசயம் இதுதான். மூத்தவன் ஸிராஜ் கலியாணம் முடிச்சி மருதமுனையில பொஞ்சாதி வீட்டோட. மிச்சம் இருந்தது மகள் நஸ்லா. அவளுக்குச் சாய்ந்தமருதுல வீட்டக் கட்டி முடிச்சாச்சு. நம்மட பக்கம் பொண்ணு வீட்டார்தானே வீடு குடுக்கிறது, அதுல ஹாஜியாருக்கு ஒரு மனக்குறையுமில்ல. மாப்பிள மிஹ்லாரும் தங்கமான புள்ள.

மாப்பிளட உம்மா ஸுஹைறாதான், கலியாணம் கிட்டின நேரம் வீடு பாக்க வந்தவ, வளவு முற்றத்துல நிண்டு செருப்பக் கழட்டி மணலத் தட்டினா.

அதுக்குப் புறகு அவ என்ன கேட்டாவெண்டத ஹாஜியாரே கடைக்கார இன்ஸாபுக்கு நடிச்சிக் காட்டினார். தோள்துண்ட எடுத்துத் தலையில முக்காடா இழுத்து விட்டார். குரலத் தேனாக்கினார்.

"மச்சான், நாங்க சீதனமெண்டு ஒரு சதம் கேட்டமா? வளவு நிலத்துக்கு மட்டும் அந்தக் கொம்பசிட் பலகையப் போட்டுடுங்க. அது சீதனத்துல சேராது மச்சான். உங்கட மகள்ட காலுக்குத்தானே!"

கடையே சிரிச்சிது. சாமான் ஏத்தக் காத்திருந்த லொறிக்கார செல்லத்தம்பிக்குப் பிளேன்டீ மூக்கால வந்திச்சு.

"அப்ப போடப் போறீங்களா ஹாஜியார்?" இன்ஸாப் ரெண்டு பலகையக் கொண்டாந்து வெயில்ல போட்டான். "மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேத்து அடிச்சது. கறையான் தின்னாது, கடல் காத்துக்கும் ஒண்டும் ஆகாது. இது உள்ளுக்கு ஓட்ட உள்ளது. இது முழுசு."

ஹாஜியார் குனிஞ்சி விரலால தட்டிப் பாத்தார். டொக் டொக்.

"போடுறதெண்டா ஓட்டப் பலகையே போதும். அடிச்சட்டத்த நெருக்கி வெச்சா வளையாது. கறுப்பு வாணாம், உச்சி வெயிலுக்குக் கால் வெந்திடும். பலகைக்குப் பலகை கொஞ்சம் இடைவெளி விடணும், இல்லாட்டி வெயிலுக்கு நீண்டு முட்டிக் கிளம்பும்."

"அடேயப்பா! இவ்வளவும் எங்க படிச்சீங்க ஹாஜியார்?"

"போன்ல..." ஹாஜியார் தொப்பியச் சரி பண்ணினார். "போன்ல எல்லாம் வருதுதானே."

செல்லத்தம்பி கோப்பையில இருந்து தலையத் தூக்கிப் பாத்தான். மறுகா குனிஞ்சிட்டான்.

அந்நேரம் வாசல்ல ஓட்டோ வந்து நிண்டிச்சு. எறங்கினது ஸுஹைறாவேதான். "பலகை தெரிவு செய்யிற நேரம் நானும் வாறன்" எண்டு முதலே செல்லி வெச்சிருந்தா.

வந்ததும் ஓட்டப் பலகையச் செருப்பு நுனியால ஒரு தள்ளுத் தள்ளினா.

"என்ன மச்சான் இது, வெறும் கோது? பெருநாளைக்குச் சனம் ஏறி நிண்டா உடைஞ்சி கொட்டுண்டிடும். முழுப் பலகை எடுங்க. வளவு முழுக்கப் போடணும்."

ஹாஜியார் தோள்துண்ட உதறித் தோள்ல போட்டார். இதுக்குத்தான் அவர் வந்ததே.

"மச்சி, ஒரு கதை செல்றன், கோவிக்காதீங்க. கேட்டு வாங்கினா, அதுக்கு நீங்க என்ன பேர் வெச்சாலும் அது சீதனந்தான்."

"அல்லாஹ்வே! நான் எங்க..."

"இரிங்க, முடிக்கல்ல. வீட்டக் கட்டி முடிச்ச மனுசன்ட கையில என்ன மிஞ்சும் எண்டு தெரியாதா உங்களுக்கு? பொண்ணப் பெத்தவன்ட வயித்தெரிச்சல்ல போட்ட பலகையில நிண்டா உங்கட மகனுக்குக் கால் குளிருமா? ஓட்டப் பலகையும் இல்ல, முழுப் பலகையும் இல்ல. ஒரு துண்டு போடமாட்டன். கலியாணம் நிண்டாலும் நிக்கட்டும்!"

ஆணி வாங்க வந்தவனும் ஆணியக் கையில வெச்சபடி நிண்டான்.

ஸுஹைறாட முகம் சுண்டிப் போச்சு. முக்காட இழுத்துவிட்டு, "சரி மச்சான்," எண்டா மெதுவா. "நீங்க செல்றது நியாயந்தான். பலகை வாணாம். கலியாணம் நடக்கட்டும்."

"மனுசனெண்டா இவர்தான் மனுசன்!" எண்டான் இன்ஸாப். ஆணிக்காரன் தலையாட்டினான். ஹாஜியார் நெஞ்ச நிமித்தி நிண்டார்.

செல்லத்தம்பிக்குச் சந்தோசம் தாங்கல்ல. கோப்பைய வெச்சிட்டு ஓடி வந்தான்.

"நல்ல கதை ஹாஜியார்! அப்ப மருதமுனைக்கு நான் எப்ப லொறியக் கொண்டு போக?"

"மருதமுனைக்கு? எதுக்கு?"

"ஸிராஜ் தம்பிட வளவுப் பலகையக் கழட்டிக்கொண்டு வரத்தான். அவர்ர கலியாண நேரம் நான்தானே கொண்டுபோய் இறக்கின? ஓட்டப் பலகைய நீங்க தட்டிப் பாத்துத் திருப்பி அனுப்பிட்டு, முழுப் பலகைதான் வேணுமெண்டு நிண்டீங்க. அந்தப் பொண்ணுட வாப்பா கையப் பிசைஞ்சிக்கொண்டு நிக்க, அவர்ர தோள்ல தட்டி நீங்க செல்லல்லயா," செல்லத்தம்பி ஹாஜியார்ர குரலை அப்படியே எடுத்தான், "'நாங்க சீதனமெண்டு ஒரு சதம் கேட்டமா? இது சீதனத்துல சேராது மச்சான். உங்கட மகள்ட காலுக்குத்தானே!'"