இருபது உருப்படி

"வழக்கம்போல இருபது உருப்படிம்மா. இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடைக்குள் நுழைந்தார் சூப்பர்வைசர்.

கலர் மீன் கடைக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வலையால் தொட்டியில் மிதந்தவற்றை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருபதா? இருநூறே இருக்கு, அள்ளிக்கங்க. எல்லாம் செத்தது."

அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஊரில் வேறு மீன் கடையும் கிடையாது.

"ஐயையோ! பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி எங்க தொட்டியப் பாக்க வர்றார்மா. மீன் நீந்தலேன்னா என் சீட்டு கிழிஞ்சிரும்!"

"ஆறு மாசமா தினம் இருபது வாங்கறீங்க. இந்நேரம் அது தொட்டியாவா இருக்கும், கடலாயிருக்குமே. இன்னும் எதுக்கு?"

"அது... முதலாளிக்கு எண்ணிக்கை முக்கியம்மா." அவர் பேச்சை மாற்றினார். "இதெல்லாம் எப்படி செத்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? எப்பவும்போல பின்னாடி ஆத்துலேருந்து மோட்டார் போட்டு நேத்து பொழுது சாயறப்ப தண்ணி மாத்தினேன். காலையில கதவைத் திறந்தா கொத்துக் கொத்தா வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!"

சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் மூலைத் தொட்டியில் ஏதோ அசைவதைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு தங்கமீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அதோ ஒண்ணு இருக்கே! அதைக் குடும்மா. ஒண்ணு நீந்தினாலும் சமாளிச்சுருவேன். என்ன விலை வேணும்னாலும் சொல்லு."

"கிழவனையா? அவன் விக்கிறதுக்கு இல்லேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! கடை திறந்த அன்னிக்கு வந்தவன். எட்டு வருஷமா என்கூட இருக்கான். இவனும் போயிட்டா நான் கடையச் சாத்திட்டுப் போயிடுவேண்ணே." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு என்ன தோன்றியதோ, ஒரு பிளாஸ்டிக் பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கிழவனை அதில் விட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"காசெல்லாம் வேண்டாம். தினம் இருபது சேர்ந்தும் அத்தனையும் வாழுதுன்னா, உங்க தொட்டித் தண்ணி எவ்வளவு நல்ல தண்ணியா இருக்கணும்! இவனாவது அங்க போய் பொழச்சுக்கட்டும்ணே."

சூப்பர்வைசர் பையைப் பார்த்தார். கிழவன் அவரைப் பார்த்தான். சாயத் தொழிற்சாலை வாசலில் இருக்கும் அந்தக் கண்ணாடித் தொட்டி அவர் நினைவுக்கு வந்தது. 'இது எங்கள் ஆலையின் கழிவுநீர். மீன்களே சாட்சி' என்று அதன்மேல் ஒரு பலகை. காலையில் இருபது சாட்சிகளை உள்ளே விடுவதும், சாயங்காலம் அந்த இருபதையும் குப்பையில் கொட்டுவதும் அவர் வேலை.

பையை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம்மா. அதிகாரி வர்றாருன்னு நேத்து மத்தியானமே கழிவுக் குட்டை மொத்தத்தையும் ஆத்துல திறந்து விட்டுட்டோம். கிழவன் இப்ப கிடக்கறதே எங்க தொட்டித் தண்ணியிலதான்."