கன்னிப் பெயர்

மூன்றாவது முறையும் பாஸ்வேர்டு தப்பு என்றது கம்ப்யூட்டர். ஈமெயில் கணக்கே பூட்டிக்கொண்டது.

செல்வலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளை காலையில் மதுரையில் பேங்க் கிளார்க் பரீட்சை. ஹால் டிக்கெட் அந்த ஈமெயிலுக்குள்தான் கிடக்கிறது. அது இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் என்ன, திங்கட்கிழமை பழையபடி பட்டாசுக் கம்பெனி வண்டிதான், மருந்து நெடிதான்.

ஈமெயிலைப் போட்டுக்கொடுத்தது அண்ணன் எழில். தீபாவளி சீசனில் அவளுக்கு ஏது லீவு? "நீ சோலியப் பாரு, நான் போட்டுட்டு வாரேன்" என்று சிவகாசியில் இதே பிரவுசிங் சென்டருக்கு வந்து எல்லாவற்றையும் அவனே நிரப்பிவிட்டுப் போனான். மகராசன், பாஸ்வேர்டை மட்டும் தப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கிறான். இப்போது லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள் ஒருத்தி.

சென்டர் முதலாளி ஹரிஷ்குமார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்பாவோடு காலண்டர் அச்சகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவர். நல்ல மனுஷன்.

"பயப்படாதம்மா. இது கேக்குற கேள்விக்குச் சரியாப் பதில் சொல்லிட்டா தொறந்துரும்."

கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. மதர்ஸ் மெய்டன் நேம். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தி என்ன பெயர் என்று கேட்கிறதாம்.

கேள்வியைப் பார்! கல்யாணத்துக்கு முன்னாலும் கருப்பம்மாள், பின்னாலும் கருப்பம்மாள். வாக்கப்பட்டு வந்ததும் பெயரை மாற்றிக்கொள்ள அவள் என்ன வெள்ளைக்காரியா? இருக்கன்குடி மாரிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டு, துணைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா, தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு நிமிர்ந்தாள்.

கருப்பம்மாள் என்று அடித்தார் ஹரிஷ்குமார். இல்லை. முன்னால் தாத்தாவின் இனிஷியலைச் சேர்த்து அடித்தார். அதுவும் இல்லை. இன்னும் ஒரு தடவை தப்பினால் நாளை சாயங்காலம்வரை திறக்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது.

பரீட்சையே காலையில்தான்.

செல்வலட்சுமி அழுகையை அடக்கிக்கொண்டு யோசித்தாள். எழில் இதை எப்படிப் படித்திருப்பான்? பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் கோட்டைவிட்டவன். சட்டைப்பையில் ஒரு குட்டி டிக்ஷனரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாக அர்த்தம் பார்த்து ஒட்டவைத்துப் படிக்கிற ஆள்.

"அண்ணாச்சி, மெய்டன்னா தனியா என்ன அர்த்தம்?"

"கன்னி."

அவளுக்குத் திக்கென்றது. அம்மா. கன்னி. பெயர்.

அவர்கள் வீட்டில் கன்னி என்றால் ஒன்றே ஒன்றுதான். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே, பாவாடை சட்டை போடுகிற வயசில், ஒரு பட்டாசு ஷெட்டில் வெந்துபோன அக்கா. கல்யாணமாகாமல் போனவள் கன்னியாக வீட்டோடு இருப்பாள். மூலையில் தொங்கும் கொட்டான்தான், அந்தச் சின்ன ஓலைப் பெட்டிதான் அவளுக்கு இடம். தை பிறந்தால் அதில் புதுப் பாவாடையும் ரிப்பனும் கண்ணாடி வளையலும் வைத்து, சர்க்கரைப் பொங்கலிட்டுக் கும்பிடுவார்கள். சில ராத்திரி கொட்டானுக்குள் வளையல் சத்தம் கேட்கும். எலிதான் என்பான் எழில். அப்புறம் அவனும் தூங்கமாட்டான்.

ஆனால் கன்னிக்கு என்ன பெயர்? விவரம் தெரிந்த நாளாகக் கும்பிடுகிறாள், கேட்டதே இல்லை. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. கன்னி என்றால் கன்னி, அவ்வளவுதான். எழில் அந்த அக்காவைப் பார்த்தவன், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"எம்மா, நம்ம கன்னிக்குப் பேரு என்ன?"

கருப்பம்மாள் முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள். "அத எதுக்குடி இப்பக் கேக்க?"

"சொல்லும்மா. அதுலதான் என் வேலையே இருக்கு."

அம்மா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் சொன்னாள்.

"செல்வலெச்சுமி."

"அது இந்தப் பிள்ள பேருல்ல?" என்று சிரித்தார் ஹரிஷ்குமார்.

"ரெண்டு பேருக்கும் அதான் பேரு, தம்பி. அவ போனதும் கம்பெனியில போய்க் கேட்டோம். அப்படி ஒரு பிள்ள இங்கன வேலையே பாக்கலன்னுட்டாக. அவுக கணக்குல பேரே இல்லையாம். எம்பிள்ள பேரு எங்கனயாச்சும் இருக்கணும்ல? அதான் அடுத்துப் பிறந்தவளுக்கு வச்சு, பள்ளிக்கூடத்துல எழுதச் சொன்னேன்."

ஹரிஷ்குமார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

செல்வலட்சுமிக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படியானால் வகுப்பில் டீச்சர் அந்தப் பெயரை வாசித்தபோதெல்லாம் எழுந்து நின்று 'உள்ளேன்' என்று சொன்னது யார்? இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பது யார்?

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சான்றிதழில் இருக்கிறபடியே ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

திறந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஹால் டிக்கெட்டைத் தள்ளியது. அம்மாதான் கை நீட்டி வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க."

"ஒண்ணு போதும்மா. பரீட்சைக்கு ஒருத்திதான போறா?"

"ஒருத்தின்னு யாரு சொன்னா?" என்றாள் கருப்பம்மாள்.