பத்தடி தள்ளி

"லிசி, போனை வச்சிராதடி! யாரோ ஒரு ஆள் என் பின்னாடியே வராரு."

"எங்கடி இருக்க?"

"ஸ்ரீரங்கத்துல. ராஜகோபுரம் ஸ்டாப்புல இறங்கி ரோட்டைத் தாண்டி ஓடியாந்தேன், அப்பலேருந்து வராரு. நான் நின்னா நிக்கிறாரு, நடந்தா நடக்கிறாரு."

பெலிண்டா மேலப்புதூர்க்காரி, ஸ்ரீரங்கத்துத் தெருக்கள் பழக்கமில்லை. சித்திரை மாதத்து மதியம் மூன்று மணி. கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. தெருவில் ஈ, காக்கா இல்லை.

காலையில் கிளம்பும்போது என்ன துள்ளல்! துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் டிசைன் இன்டர்ன்ஷிப். ஆப்பின் திரையில் எது எங்கே இருக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை. போன வாரம்தான், திரையில் அநாவசியமாக நின்ற ஒரு வரியைத் தூக்கியே ஆகவேண்டும் என்று சீனியர் இளவேனிலிடம் மல்லுக்கட்டி ஜெயித்திருந்தாள். "அது இருக்கட்டும் பெலிண்டா, பின்னாடி வருத்தப்படுவ" என்று இளவேனில் சொன்னதை அம்மணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று அந்த ஆப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கத்தான் சுபலட்சுமி என்பவரின் வீட்டைத் தேடி வந்தாள். வந்த இடத்தில் இப்படி!

"ஓடுடி!" என்றாள் தோழி லிசி.

ஓடினாள். தோளில் பை தாவியது, செருப்பு வழுக்கியது.

"போனை ஆட்டாம ஓடுடி, ஒரு எழவும் கேக்கல!"

"ஓடுறப்ப எப்படிடி ஆட்டாம இருக்கிறது?"

தெருத் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த ஆளும் வந்து நின்றார். காக்கிச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த போனைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக இருந்தார். போதாக்குறைக்கு எதிர்ச் சந்திலிருந்து பைக்கில் இன்னொருவன் வந்து இறங்கினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"லிசி... ரெண்டு பேர்டி. பேசி வச்சுட்டு வந்திருக்காங்க."

"யார் வீட்டுக் கதவையாவது தட்டு!"

தட்டினாள். உள்ளே ஏ.சி. ஓடுகிற சத்தம் கேட்டதே தவிர, ஆள் வரவில்லை.

"பொண்ணுங்க பாதுகாப்புக்கு ஏதோ ஆப் செய்றோம்னு பீத்திக்கிட்டியே, அது என்னடி ஆச்சு?"

"அது திங்கக்கிழமைதான்டி ஓட ஆரம்பிக்கும்!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

மறுபடி ஓடினாள். அடுத்த வீதியில் நுங்கு வண்டிக்காரர் ஒருவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இவள் பின்னால் வந்தார். அய்யோ மாதாவே என்று இன்னொரு சந்துக்குள் பாய்ந்தாள். அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்காவது ஆள்! ஓட ஓடக் கூட்டம் கூடுகிறதே, இது என்ன அநியாயம்?

சந்து கோயில் மதிலில் போய் முட்டி நின்றது. மேலே போக வழியில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துத் திரும்பினாள். நான்கு பேரும் வந்து நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் கிட்ட வரவில்லை. கண் மட்டும் அவளைவிட்டு நகரவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு? கிட்ட வந்தா கத்துவேன்!"

காக்கிச் சட்டைக்காரர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "எங்களைப் பேசக் கூடாதுன்னு போட்டிருக்கும்மா. நீங்களா கேட்டதால சொல்றேன். என் பேரு ரஃபீக், ஆட்டோ ஓட்டுறேன். நீங்கதானே கூப்பிட்டீங்க?"

போனை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். பெரிய எழுத்து, நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

'பெலிண்டா ஆபத்தில் இருக்கிறார். பத்தடி தள்ளியே நில்லுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். கண்ணை எடுக்காதீர்கள்.'

கடைசி மூன்று வாக்கியமும் ராத்திரி பகலாக யோசித்து அவளே எழுதியவை.

"ஆனா... திங்கக்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"இன்னிக்குக் காலையிலேயே விட்டுட்டாங்களேம்மா. உதவிக்குப் போறோம்னு இந்த ஏரியாவுல நாங்க கொஞ்ச பேர் ஆப்புல பதிஞ்சு வச்சிருக்கோம். போனை மூணு தடவை குலுக்கினா எங்கள்ல ஒருத்தருக்கு மணி அடிக்கும். நீங்க என்னடான்னா விடாம குலுக்கிக்கிட்டே ஓடுறீங்க!"

சோதித்துப் பார்க்கத் தன் போனில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த ஆப்பைத் திறந்தாள் பெலிண்டா. 'உதவி வந்துகொண்டிருக்கிறது, பயப்படாதீர்கள்' என்ற வரி இருந்த இடம், அவள் சண்டை போட்டு அழித்த இடம், வெறுமையாக இருந்தது. போனைப் பிடித்திருந்த கை இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருக்க, சந்து முனையில் ஐந்தாவது ஆள் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்.